முன்பின் தெரியாத துறைகளில் ஆய்வு செய்வது எப்படி: கேள்வி எழுதுவதிலிருந்து விடை சேர்ப்பது வரை

மின்விளக்கு வருவதற்கு முன் மனிதர்கள் இரவில் எப்படித் தூங்கினார்கள்? கேட்க எளிய கேள்விதான். ஆனால் விடை தேடிப் போனால் மூன்று வெவ்வேறு வாசல்களில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ரோஜர் எகிர்ச் என்ற வரலாற்றாசிரியர் 2001-ல் ஒரு கட்டுரை எழுதினார். தொழிற்புரட்சிக்கு முந்தைய மேற்கு ஐரோப்பாவில் மக்கள் இரண்டு தவணையாகத் தூங்கினார்கள் என்பது அவர் வாதம். 'முதல் தூக்கம்' முடிந்து நள்ளிரவில் சிறிது நேரம் விழித்திருந்து, பிறகு 'இரண்டாம் தூக்கம்'. நீதிமன்ற வாக்குமூலங்கள், நாட்குறிப்புகள், பழைய மருத்துவ நூல்கள் எல்லாம் அவருக்குச் சான்று. அதற்கு முன்பே, 1992-ல், தாமஸ் வேர் என்ற மனநல மருத்துவர் சிலரைத் தினமும் 14 மணி நேரம் இருட்டில் வைத்து, சில வாரங்கள் கவனித்திருந்தார். அவர்களுடைய தூக்கமும் இரண்டாகப் பிரிந்தது. சரி, வரலாறும் மருத்துவமும் ஒன்றையே சொல்கின்றன, விஷயம் முடிந்தது என்று எழுந்திருக்கப் போகும்போது 2015-ல் வந்த கட்டுரை கையில் சிக்கும். தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே ஆகிய மூன்று சமூகங்களில் 94 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். மின்விளக்கு இல்லாத வாழ்க்கைதான். ஆனால் இரண்டு தவணைத் தூக்கம் அங்கே வழக்கமாகக் காணப்படவில்லை.

பிறர் எழுதும் நூல்களில் தகவல் சரிபார்ப்பது என் வேலை. ஒரு வாரம் வானியல், மறுவாரம் மொழியியல், அதற்கடுத்து நீரிழிவு. எந்தத் துறையிலும் நான் ஆள் இல்லை. இந்த வேலையில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது ஒன்று: ஒரு துறை என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன், அந்தத் துறைக்காரர்கள் எதைக் கண்டால் நம்புவார்கள் என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் நூறு கட்டுரை படித்தாலும் எதை எவ்வளவு நம்புவது என்று பிடிபடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றியே வரும். மேலே சொன்ன தூக்கக் கேள்வியையே உதாரணமாகக் கூட அழைத்துப் போகிறேன்.

1. கேள்வியைத் துறைச் சொல் இல்லாமல் எழுதுங்கள்

ஒரு தாள், ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அதில் ஏதாவது துறைச் சொல் இருந்தால் அடித்துவிட்டுச் சாதாரணச் சொல்லைப் போடுங்கள். 'இருகட்டத் தூக்கம்' என்று எழுதிவிட்டால் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிற துறையின் கட்டுரைகள் மட்டுமே கண்ணில் படும். 'இரவில் நடுவில் எழுந்திருப்பது' என்று எழுதினால் வரலாறும் உள்ளே வரும், மருத்துவமும் வரும்.

அடுத்து, அந்த ஒரு கேள்விக்குள் எத்தனை கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் மூன்று கிடைக்கும்: நடந்ததா, நடக்குமா, நடக்கிறதா. அன்று அப்படித் தூங்கினார்களா என்பது வரலாற்றின் கேள்வி. சூழல் மாறினால் உடல் அப்படித் தூங்குமா என்பது உடலியங்கியலின் கேள்வி. இன்று எங்காவது அப்படித் தூங்குகிறார்களா என்பது மானிடவியலின் கேள்வி. மூன்றும் ஒன்று போலத் தோன்றும், ஒன்றல்ல. இந்தப் பிரிவை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், கடைசியில் உதவும்.

2. அந்தத் துறையின் சொற்களைச் சேகரியுங்கள்

அந்நியத் துறையில் புரியாத சொல்லால் ஆபத்து இல்லை. புரியாத சொல்லைக் கண்டால் அகராதியைத் திறந்துவிடுவோம். புரிந்துவிட்டதாக நினைக்கும் சொல்லில்தான் கால் இடறும்.

வானியலில் 'உலோகம்' என்றால் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாத் தனிமங்களும். ஆக்சிஜனும் கார்பனும் அவர்களுக்கு உலோகம்தான். இதை அறியாமல் ஒரு நூலில் 'உலோகம் குறைந்த விண்மீன்' என்ற தொடரை, இரும்பும் நிக்கலும் குறைந்தது என்று நானே 'திருத்தி'க் கொடுத்திருக்கிறேன். அச்சுக்குப் போவதற்கு முன் நூலாசிரியர் பார்த்துவிட்டார். இன்னொன்று: தொல்லியல் கட்டுரையில் கரிமக் காலக்கணிப்பை 'இன்றைக்கு 3000 ஆண்டுகளுக்கு முன்' என்று குறித்திருந்தால், அந்த 'இன்று' 1950-ஆம் ஆண்டு. நாம் இருக்கும் ஆண்டிலிருந்து கழித்தால் கணக்கு முக்கால் நூற்றாண்டு தப்பும். அந்த எண் மர வளையங்கள் முதலியவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டதா, திருத்தாத மூல எண்ணா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே நூற்றாண்டுக் கணக்கில் வித்தியாசம் வரலாம்.

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. வசதி என்னவென்றால், ஆங்கிலத்தில் 'மார்ஃபாலஜி' என்று ஒரே சொல் உயிரியலுக்கும் மொழியியலுக்கும் ஓடுகிறது. நாம் உருவவியல், உருபனியல் என்று பிரித்து வைத்திருக்கிறோம். 'வெக்டர்' கணக்கில் திசையன், மருத்துவத்தில் நோய்க்கடத்தி. மொழிபெயர்க்கும்போதே குழப்பம் தீர்ந்துவிடும். தொல்லை 'மாதிரி' என்ற சொல்லில் இருக்கிறது. ஆயிரம் பேரில் ஐம்பது பேரைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் மாதிரி. பருவநிலையைக் கணினியில் சமன்பாடுகளாக ஓட்டினால் அதுவும் மாதிரி. 'இந்த மாதிரி மாதிரி சரியில்லை' என்று என் பழைய குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது. எதைச் சொன்னேன் என்று எனக்கே இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு ஒன்றை 'கூறு' என்றும் மற்றொன்றை 'மாதிரியம்' என்றும் எழுதிக்கொள்கிறேன். உங்களுக்கு வேறு சொல் பிடித்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு சொல் வேண்டும்.

ஒரு துறைக்கு இருபது முப்பது சொல் சேர்ந்தால் போதும். அதற்கு ஒரு பாடநூலின் முதல் இரண்டு அத்தியாயமே தரும். பழைய பதிப்பானாலும் பரவாயில்லை.

3. தேடலைப் புதிய கட்டுரையிலிருந்து தொடங்காதீர்கள்

செய்தியில் வந்த சுடச்சுடக் கட்டுரையைத்தான் எல்லோரும் முதலில் திறப்பார்கள். அது ஒரு நீண்ட வாக்குவாதத்தின் கடைசி வாக்கியம். முன்னால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாதவருக்கு அது தீர்ப்பு போலக் கேட்கும்.

முதலில் தேட வேண்டியது மீளாய்வுக் கட்டுரை. ஒரு பொருளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுவது அது. மருத்துவத்தில் இதற்கு முறையான வடிவமே இருக்கிறது. 1993-ல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு இப்படிப்பட்ட மீளாய்வுகளுக்காகவே இயங்குகிறது. வரலாறு, மெய்யியல் போன்ற துறைகளில் அதே வேலையைக் கையேடுகளும் துறைக் கலைக்களஞ்சியங்களும் நூல் மதிப்புரைகளும் செய்கின்றன. மதிப்புரைகளைத் தவறவிடாதீர்கள். ஒரு வரலாற்று நூலின் பலவீனம் எங்கே என்று இன்னொரு வரலாற்றாசிரியர் இரண்டு பக்கத்தில் சொல்லியிருப்பார். நாமாகக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும்.

நல்ல மீளாய்வு ஒன்று கிடைத்தபின் இரண்டு பக்கமும் நடக்கலாம். பின்னோக்கிப் போக அதன் மேற்கோள் பட்டியல். முன்னோக்கி வர, அதை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கூகுள் ஸ்காலரில் ஒரு சொடுக்கு. மூன்று நான்கு சுற்றில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும். அப்போது அந்தத் துறையின் மையத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கூகுள் ஸ்காலர் மட்டும் போதாது. மருத்துவத்துக்கு பப்மெட், இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் கணினி அறிவியலுக்கும் 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ், வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளின் பழைய இதழ்களுக்கு ஜேஸ்டோர், பொருளாதாரத்துக்கு ரீபெக், மெய்யியலுக்கு ஃபில்பேப்பர்ஸ், கல்வியியலுக்கு எரிக் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு கிணறு இருக்கிறது. கட்டணச் சுவர் குறுக்கே வந்தால் தலைப்பை அப்படியே தேடுங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் படி இருக்க வாய்ப்பு அதிகம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி அதைத் தானாகவே தேடித் தரும். அதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். தன் கட்டுரையை ஒருவர் கேட்கிறார் என்பதில் பெரும்பாலானவர்களுக்கு மகிழ்ச்சிதான்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கட்டுரைப் பட்டியல் கேட்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அவை இல்லாத கட்டுரைக்கு உண்மையான ஆசிரியர் பெயரும், நம்பும்படியான தலைப்பும் கட்டிக் கொடுத்துவிடும். துறைச் சொற்களைத் தெரிந்துகொள்ள அவற்றைப் பயன்படுத்துங்கள். கட்டுரைப் பெயர் தந்தால் கட்டுரையின் நிரந்தர அடையாளமான, 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணைத் திறந்து கண்ணால் பார்க்கும் வரை அப்படி ஒன்று இருப்பதாகவே எண்ண வேண்டாம்.

இந்தப் படியில் கொஞ்சம் பொறுமை காட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கதை. 1980-ல் இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸ், புவியியலாளரான அவருடைய மகன் வால்டர், ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷல் என்ற இரு வேதியியலாளர்கள் ஆகியோர் சேர்ந்து, டைனோசர் அழிந்த காலத்துக் களிமண் அடுக்கில், பூமியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் கூடுதலாகவும் உள்ள இரிடியம் மிகுதியாக இருப்பதைக் காட்டி, விண்கல் மோதியிருக்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் பள்ளம் எங்கே? அடுத்த ஆண்டே, எண்ணெய் தேடும் புவி இயற்பியலாளர்களான கிளென் பென்ஃபீல்டும் அன்டோனியோ கமார்கோவும் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் புதைந்திருக்கும் ஒரு பெரிய வட்ட அமைப்பைப் பற்றித் தங்கள் துறை மாநாட்டில் சொன்னார்கள். விண்கல் ஆய்வாளர்கள் அந்த மாநாட்டுக்குப் போகிறவர்கள் அல்ல. சிக்சுலூப் பள்ளம் இதுதான் என்று ஆய்விதழில் வந்தது 1991-ல். பத்து ஆண்டுகள் விடை பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தது.

4. எங்கே வெளியிடுகிறார்கள், யார் பெயர் முதலில் என்று பாருங்கள்

இது சீக்கிரம் முடிகிற படி. கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரைக்கு ஆய்விதழ்க் கட்டுரைக்கு நிகரான மதிப்பு. மருத்துவத்தில் மாநாட்டுச் சுருக்கம் வெறும் முன்னறிவிப்பு. வரலாற்றில் ஒருவரின் முக்கியமான வேலை பெரும்பாலும் நூலாக வரும். கட்டுரை மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்ததாகும்.

ஆசிரியர் வரிசையும் அப்படியே. உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவர். கணிதத்திலும் பொருளாதாரத்திலும் பெரும்பாலும் அகர வரிசைதான், முதலில் இருப்பதில் பெருமை ஒன்றுமில்லை. துகள் இயற்பியலில் 2015-ல் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறையைப் பற்றி வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப் பட்டியல். 'இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், அதனால் உண்மை' என்ற கணக்கு துறைக்குத் துறை செல்லாது.

வெளியான ஆண்டை வைத்தும் எடைபோடாதீர்கள். மூலக்கூறு உயிரியலில் பதினைந்து வருடப் பழைய கட்டுரை தாத்தா. கணிதத்தில் நூறு வருடப் பழைய தேற்றமும் நேற்று நிறுவியது போலவே நிற்கும்.

5. எதைச் சான்று என்கிறார்கள்?

மற்ற படிகளை அவசரத்தில் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

கணிதத்தில் நிறுவல்தான் சான்று. கோடி எண்களைச் சோதித்துப் பார்த்தோம், எல்லாவற்றிலும் சரியாக வந்தது என்றால் 'நல்லது, நிறுவல் எங்கே?' என்பார்கள். ஆனால் நிறுவலைப் படித்துச் சொல்வது மனிதர்கள். நான்கு நிறத் தேற்றத்துக்கு ஆல்ஃபிரட் கெம்ப் 1879-ல் தந்த நிறுவலை 11 ஆண்டுகள் எல்லோரும் ஏற்றிருந்தார்கள். 1890-ல் ஹீவுட் ஓட்டையைக் காட்டினார். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை ஆண்ட்ரூ வைல்ஸ் 1993-ல் அறிவித்தபோதும் இடைவெளி இருந்தது, ரிச்சர்ட் டெய்லருடன் சேர்ந்து அடுத்த ஆண்டு அதை அடைத்தார். ஆக, புதிய பெரிய நிறுவல் என்றால் பிறர் அதை வரிவரியாகப் படித்து முடித்தார்களா என்று கேளுங்கள்.

துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 'ஐந்து சிக்மா' வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லாதபோதே தற்செயலாக இவ்வளவு பெரிய ஏற்றம் தெரிய ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்பது அதன் பொருள். 2012 ஜூலை 4-ல் ஹிக்ஸ் போசானை இந்த அளவுகோலில்தான் அறிவித்தார்கள். உளவியலிலும் மருத்துவத்திலும் நெடுங்காலமாக 20-ல் ஒன்று என்ற கோடுதான், அதாவது பி-மதிப்பு 0.05. எனவே 'புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது' என்ற ஒரே தொடரை இரண்டு துறைகளில் பார்த்தால் ஒரே எடை போடக்கூடாது. 2015-ல் 100 உளவியல் ஆய்வுகளைப் பல குழுக்கள் மீண்டும் செய்து பார்த்தன. மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தன. மீண்டும் செய்தபோது தாண்டியவை 36 சதவீதம்.

இதைச் சொன்னதும் இயற்பியல் உசத்தி, உளவியல் மட்டம் என்று சிலர் கிளம்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2011-ல் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியைவிட வேகமாகப் போகிறது என்று ஒரு பெரிய சோதனைக் குழு வெளியிட்ட முடிவு ஏறக்குறைய ஆறு சிக்மா. காரணம் சரியாகச் சொருகாத ஒரு ஒளியிழை வடம். சிக்மா தற்செயலை மட்டுமே அளக்கிறது, தளர்ந்த வடத்தை அளக்காது. தவிர, எலக்ட்ரான்களைக் கோடிக்கணக்கில் மோதவிடலாம். மனிதர்களை ஒரு மாதம் 14 மணி நேர இருட்டில் வைக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

மருத்துவத்தில் சான்றுக்கு ஏணி உண்டு. ஒரு நோயாளியின் கதை கீழ்ப்படி, கூட்டம் கூட்டமாகக் கவனித்துப் பார்ப்பது நடு, சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்து மருந்து கொடுத்துப் பார்ப்பது மேலே, அப்படிப்பட்ட பல சோதனைகளைத் தொகுத்த மீளாய்வு உச்சி. பொருளாதாரத்தில் ஒரு நாட்டைக் குலுக்கிப் பிரிக்க முடியாது. அதனால் ஒரு சட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் வராதது போன்ற இயல்பான பிளவுகளைத் தேடுகிறார்கள். அவர்களுடைய கட்டுரையில் பக்கம் பக்கமாக வருவதெல்லாம் 'இந்தப் பிளவு உண்மையிலேயே தற்செயல்தான்' என்ற வாதம். நாமும் அதைத்தான் சோதிக்க வேண்டும்.

வரலாற்றில் எண்ணிக்கை முதல் கேள்வி அல்ல. இந்த ஆவணத்தை யார், எப்போது, யாருக்காக, என்ன லாபத்துக்காக எழுதினார்கள் என்பதே முதல் கேள்வி. நான்காம் நூற்றாண்டுப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்புக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஆவணம் போலி என்று 1440-ல் லோரென்சோ வாலா காட்டியது அதன் லத்தீன் மொழியை வைத்து. அந்தக் காலத்தில் வழங்காத சொற்கள் அதில் இருந்தன. பி-மதிப்பு எதுவும் இல்லாமல் ஒரு வாதம் எவ்வளவு கெட்டியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தூக்கக் கேள்விக்கு வருவோம். எகிர்ச்சின் சான்று, வேறு ஏதோ வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர் போகிற போக்கில் 'என் முதல் தூக்கம் முடிந்தபோது' என்று சொல்வது. விளக்கம் தேவைப்படாத அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த பேச்சு அது என்பதால்தான் வரலாற்றாசிரியருக்கு அது பலமான சான்று. வேரின் சான்று, கட்டுப்படுத்திய சூழலில் சிலரின் உடல். 2015 கட்டுரையின் சான்று மணிக்கட்டுக் கருவி. அந்தக் கருவி அளப்பது அசைவை. விழித்தபடி அசையாமல் படுத்திருந்தால் அதையும் தூக்கம் என்று எண்ணிவிடக்கூடும். மூன்றில் எதுவும் பொய் இல்லை. எதுவும் முழுசாகவும் இல்லை.

6. எந்த வரிசையில் படிப்பது?

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டாம். சோதனை சார்ந்த கட்டுரை என்றால் சுருக்கம், அப்புறம் படங்களும் அட்டவணைகளும், அப்புறம் முறையியல். விவாதப் பகுதியைக் கடைசிக்கு வையுங்கள். ஆசிரியர் தன் முடிவை இழுத்து நீட்டுகிற இடம் அது. சுருக்கத்தில் சொன்ன முடிவு அட்டவணையில் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு முறை ஒத்துப் பாருங்கள். எலிகளிடம் செய்தது தலைப்பில் மனிதர்களாக மாறியிருக்கும். இருபது மாணவர்களிடம் கேட்டது முடிவுரையில் மனித இயல்பாக ஆகியிருக்கும்.

கணிதக் கட்டுரையில் தேற்றத்தின் கூற்றையும் முதல் உதாரணத்தையும் படித்துவிட்டு நிறுவலைத் தாண்டிப் போகலாம். எந்த நிபந்தனைகளில் அது செல்லும் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பொருளாதாரக் கட்டுரைகளின் முன்னுரை நீளமானது, விஷயம் முழுவதும் அங்கேயே இருக்கும். வரலாற்றுக் கட்டுரையில் அடிக்குறிப்பைப் படியுங்கள். ஒரு பக்க வாதத்துக்கு ஒரே ஒரு ஆவணம்தான் தாங்கலாக இருக்கிறதா, பல ஊர்களிலிருந்து வந்த பல ஆவணங்களா என்பது அங்கேதான் தெரியும். மெய்யியலில் எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லும் பகுதியே உயிர்.

படிக்கும்போதே குறிப்பெடுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் நான் நான்கு வரி எழுதுகிறேன்: என்ன சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள், எந்த எல்லைக்குள் சொல்கிறார்கள், எந்தப் பக்கத்தில். நான்காவதை விட்டுவிட்டுப் பிறகு ஒரு முழு மாலை தேடாதவர் இந்த வேலையில் யாரும் இல்லை. ஆசிரியரின் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள்ளும், நம் கருத்தை வேறு நிறத்திலும் எழுதுவது நல்லது. ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று மறந்துவிடும், அறியாமலே திருடிவிடுவோம். கோப்புகளைச் சேர்த்து வைக்க ஸோடெரோ என்ற இலவச மென்பொருள் போதும்.

7. வெளியான பிறகு அந்தக் கட்டுரைக்கு என்ன ஆனது?

சகத் துறையாளர் மதிப்பாய்வு முடிந்தது என்றால், ஓரிருவர் அல்லது மூவர் படித்து 'வெளியிடலாம்' என்றார்கள் என்று பொருள். அவர்கள் பெரும்பாலும் மூலத் தரவைத் திறந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 2010-ல் கார்மன் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள், அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று எழுதினார்கள். பல அரசுகளின் சிக்கன நடவடிக்கை விவாதங்களில் அந்தக் கட்டுரை அடிபட்டது. 2013-ல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்த விரிதாளைத் திறந்து பார்த்தார். ஐந்து நாடுகள் கூட்டலில் விடுபட்டிருந்தன. வேறு சில தேர்வுகளிலும் சிக்கல். அவரும் அவர் பேராசிரியர்களும் மீண்டும் கணக்கிட்டபோது வந்தது 2.2 சதவீதம்.

விரிதாளைப் பற்றி இன்னொன்று. செப்ட்2, மார்ச்1 என்று பெயர் வைத்த மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. எக்செல் பட்டியல் இணைத்த மரபணுக் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. மென்பொருள் மாறுகிற வழியாக இல்லை. 2020-ல் மரபணுக்களின் பெயரை மாற்றிவிட்டார்கள்.

எனவே கட்டுரையை எடுத்துக்கொள்ளும் முன் நான்கு இடம் பாருங்கள். இதழின் சொந்தப் பக்கத்தில் திருத்தமோ திரும்பப் பெற்ற அறிவிப்போ இருக்கிறதா? ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் திரட்டும் தரவுத்தளத்தில் பெயர் இருக்கிறதா? யாராவது மறுப்புக் கட்டுரை எழுதியிருக்கிறார்களா? வேறு குழு அதையே செய்து பார்த்ததா? தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட, லான்செட் மருத்துவ இதழின் 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. அதைத் திரும்பப் பெற 2010 வரை ஆனது. 2004-ல் அதன் ஆசிரியர்களில் பலர் அந்த முடிச்சைக் கைவிட்ட பிறகும், நடுவில் 12 ஆண்டுகள் அது முழுமையாகத் திரும்பப் பெறப்படாத கட்டுரையாகவே கிடைத்தது. ஆனால் அதைப் பொய்யாக்கிய பெரிய ஆய்வுகளும் அந்த ஆண்டுகளில் வெளிவந்துகொண்டிருந்தன. முன்னோக்கித் தேடியவர் கண்ணில் அவை பட்டிருக்கும்.

மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் வைக்கப்படும் முன்வரைவுகளைத் தொடவே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். இயற்பியலிலும் கணினி அறிவியலிலும் அப்படி இருந்தால் ஒன்றும் படிக்க முடியாது. மருத்துவத்தில் மட்டும் ஒரு படி கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கிறேன், ஏனென்றால் அங்கே தப்பு நேர்ந்தால் யாராவது ஒரு மாத்திரையை விழுங்கிவிடுவார்கள்.

8. முரண்பட்டால் கேள்வியைப் பிரியுங்கள்

இரண்டு துறைகள் முட்டிக்கொண்டால் நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்து 'உண்மை இடையில் இருக்கிறது' என்று எழுதுவது சோம்பேறித்தனம். முதல் படியில் எழுதி வைத்த தாளை எடுங்கள்.

நடந்ததா? மேற்கு ஐரோப்பாவில், எழுத்து விட்டுச் சென்றவர்களிடையே, அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு நல்ல சான்று இருக்கிறது. நடக்குமா? நீண்ட இருட்டு கிடைத்தால் உடல் அப்படித் தூங்கக்கூடியது. நடக்கிறதா? ஹட்சா, சான், சிமானே மூவரும் வெப்ப மண்டலத்தையோ அதை ஒட்டிய பகுதியையோ சேர்ந்தவர்கள். வட ஐரோப்பாவின் பதினாறு மணி நேரக் குளிர்கால இரவு அவர்களுக்கு இல்லை. ஆனால் இதை வைத்து முடித்துவிடவும் முடியாது: மடகாஸ்கரில் மின்சாரமில்லாத ஒரு வேளாண் கிராமத்தில் 2017-ல் வெளியான ஆய்வு, அங்கே இரவுத் தூக்கம் துண்டுபடுவதைக் கண்டது. மடகாஸ்கரும் வெப்ப மண்டலம்தான். ஆக நான் எழுதக்கூடிய வாக்கியம் இது: இரண்டு தவணைத் தூக்கம் மனித உடலுக்கு இயலும், சில சமூகங்களில் வழக்கமாகவும் இருந்திருக்கிறது, அதுவே மனிதர் எல்லோருக்கும் இயற்கையான முறை என்பதற்குச் சான்று இல்லை. எழுதிப் பார்த்தால் சப்பென்றுதான் இருக்கிறது. 'எட்டு மணி நேரத் தூக்கம் ஒரு கட்டுக்கதை' என்ற தலைப்பின் கவர்ச்சி இதற்கு வராது.

முரண்படாமல், ஒன்றையொன்று அறியாமலே இருக்கும் துறைகளும் உண்டு. அங்கேதான் புதையல். தகவல் அறிவியலாளர் டான் ஸ்வான்சன் 1986-ல் இரண்டு கட்டுரைக் குவியல்களை அருகருகே வைத்தார். ஒன்று, மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்பது. மற்றொன்று, குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் ரேனாட் நோயில் அந்தப் பிசுபிசுப்பு கூடியிருக்கிறது என்பது. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டியதே இல்லை. மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாம் என்று அவர் எழுதினார். ஆய்வகம் இல்லை, நோயாளி இல்லை, படிப்பு மட்டும்தான். 1989-ல் வந்த ஒரு மருத்துவச் சோதனை அவர் ஊகத்துக்கு ஓரளவு ஆதரவு தந்தது.

நீங்களும் அப்படி ஏதாவது கண்டுபிடித்துவிட்டதாக உற்சாகம் வந்தால், பக்கத்துத் துறைக்கு அது ஏற்கெனவே தெரியுமா என்று பார்த்துவிடுங்கள். 1994-ல் ஒரு நீரிழிவு ஆய்விதழில், வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கணக்கிட ஒரு 'புதிய' முறை வெளியானது. அது பள்ளிக் கணிதத்தில் வரும் சரிவக விதி. பாபிலோனிய வானியலாளர்கள் வியாழன் கோளின் நகர்வைக் கணக்கிட அதே உத்தியைக் களிமண் பலகையில் பயன்படுத்தியிருக்கிறார்கள், பொது ஆண்டுக்கு 50 ஆண்டுகள் முன்பே.

9. துறைக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள்

எழுதியதை அனுப்பி 'சரியா?' என்று கேட்டால் பதில் வராது, அல்லது 'நன்று' என்று ஒரு சொல் வரும். குறிப்பாகக் கேளுங்கள். பத்து வரிக்கு மேல் போகாத மின்னஞ்சல்: நான் யார், உங்கள் எந்தக் கட்டுரையைப் படித்தேன், அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வாக்கியம் இது. பிறகு இரண்டு கேள்வி. இந்த வாக்கியத்தில் நான் மிகையாகச் சொன்னது எது? இதை ஏற்காதவர் உங்கள் துறையில் யார்?

இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகம் தந்திருக்கிறது. சிலர் எரிச்சலோடு ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரைத் தேடிப் படித்தால், நான்கு வாரம் தேடியும் கண்ணில் படாத ஒரு முழு முகாம் திறக்கும். ஒருவர் எனக்கு 'ஏற்காதவர் என்று யாரும் இல்லை' என்று பதில் எழுதினார். அதே வாரம் இன்னொருவரிடம் கேட்டேன், அவர் முதலாமவரின் பெயரையே அனுப்பினார்.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் கட்டுரையின் முதல் ஆசிரியருக்கு எழுதிப் பாருங்கள், சோதனை அறிவியல்களில் பெரும்பாலும் அவர் ஆய்வு மாணவராக இருப்பார். தரவைக் கையால் தொட்டவர் அவர்தான், எந்த அட்டவணையில் எந்த எண் ஆட்டம் காண்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.